லூயிஷாமுக்கு இரண்டு பஸ்

ஜெராட்டைத் தனியாக பஸ்ஸில் போகப் பழக்கியவர் அவனுடைய அப்பா றெஜினோல்ட். தெற்கு லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் ஏறினால் கல்லூரி வாசலிலேயே இறங்கலாம். அந்த ஒரு பஸ்ஸைப் பழக அவனுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தது. முதலில் அப்பா பக்கத்தில் இருந்து போனார். பிறகு பின் இருக்கையில். பிறகு மேல்தட்டில். கடைசியில் ஒருநாள் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டார். அவன் வந்து சேர்ந்துவிட்டான் என்று ஆசிரியை போன் பண்ணும்வரை மழையில் அங்கேயே நின்றார். அடுத்த வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகு வந்த திங்கட்கிழமை, ஜெராட் சமையல் ஏப்ரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனான்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. பேச்சுப் பிந்தி வந்தது. கணக்குப் பிடிபடாது. புது இடம் என்றால் உடம்பு நடுங்கும். கற்றலில் சிரமமுள்ள இளைஞர்களுக்கென்று கல்லூரி நடத்திய சமையல் வகுப்பில் படித்தான். அந்த மாணவர்களே மத்தியானத்தில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். சூப் ஊற்றுவது ஜெராட்டின் வேலை. கோப்பை விளிம்பு தட்டும்வரை ஊற்றுவான் என்பதால் ஆசிரியர்கள் அவனிடம்தான் வரிசையில் நிற்பார்கள்.

அவனுடைய அக்கா பிறேமினி அதே கல்லூரிக் குழுமத்தின் தலைமை அலுவலகத்தில் திட்டமிடல் பிரிவில் இருந்தாள். குழுமத்துக்குத் தெற்கு லண்டனில் மூன்று வளாகங்கள். எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் கூடுகிறார்கள், எந்தப் பாடத்துக்கு ஆள் வரும், எந்தக் கட்டடம் தாங்கும் என்று பார்த்து எழுதுவது அவளுடைய வேலை. அந்த வசந்தத்தில் நிர்வாக சபை அடுத்த பத்து வருடத்துக்கான வளர்ச்சித் திட்டம் கேட்டது. லூயிஷாமில் தாதியர் படிப்புக்கும் மின்வேலைக்கும் இடம் போதவில்லை. அங்கே புதுக் கட்டடம் வேண்டும். ஜெராட் படித்த தோர்ண்டன் ஹீத் வளாகத்தில் கூரை ஒழுகியது, கொதிகலன் மாரிக்கு மாரி பழுதானது, மாணவர் தொகையும் குறைந்துகொண்டே வந்தது. அதை மூடி, வகுப்புகளை லூயிஷாமுக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. பிறேமினிக்கும் தெரியவில்லை.

பிரிவின் தலைவர் அழகப்பன். சிங்கப்பூரிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அறைக் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் கேட்டார்.

"உங்க தம்பி அங்கதானே படிக்கிறார்? இந்தப் பகுதிய மட்டும் வேற யாராவது எழுதட்டுமே. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"வேண்டாம். நான் எழுதுறன். மற்றப் பிள்ளையளைப் பார்க்கிற மாதிரித்தான் அவனையும் பார்ப்பன்."

அப்படித்தான் எழுதினாள். சமையல் வகுப்பை மட்டும் தோர்ண்டன் ஹீத்திலேயே ஒரு வாடகை மண்டபத்தில் வைத்திருக்கலாம் என்று ஆசிரியை ஒருத்தி யோசனை அனுப்பியிருந்தாள். அது ஜெராட்டின் வகுப்பு என்பதால் பிறேமினி பயந்தாள். தம்பிக்காகச் செய்தாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. அதனாலேயே அந்த யோசனையை மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையாக அலசினாள். ஒரு வகுப்புக்குத் தனி இடம், தனி அடுப்பு, தனிக் காவல். சரிவராது என்று எழுதி முடித்தாள். சபை அப்படியே ஏற்றுக்கொண்டது.

வீட்டில் அம்மா பெர்னடெற்றிடம், "கல்லூரியை லூயிஷாமுக்கு மாத்தப் போகினம்" என்று மட்டும் சொன்னாள்.

"அவன் எப்பிடிப் போவான்?"

"நான் பழக்குறன் அம்மா. அப்பா பழக்கினவர்தானே."

லூயிஷாம் கட்டடம் எழும்பிய அடுத்த வருடக் கோடையில் லீவு எடுத்தாள். லூயிஷாமுக்கு இரண்டு பஸ். நோர்வூட் ஜங்ஷனில் இறங்கி மாற வேண்டும். பக்கத்தில் அவள் இருக்கும்வரை ஜெராட் நன்றாக வந்தான். பின் இருக்கைக்கு மாறினாளோ, எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா பின்னாலதானே இருந்தவர் ஜெராட்? அதே மாதிரித்தான். நான் பின்னால இருக்கிறன்."

"நீ அப்பா இல்லை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வது போலச் சொன்னான்.

ஒருநாள் மாறுமிடத்தில் ஒரே சனம். அவர்களுடைய பஸ் வேறு பாதையால் போகிறது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவள் அதை வாசித்துவிட்டுத் திரும்பியபோது ஜெராட் காதுகளைப் பொத்திக்கொண்டு நடைபாதையில் குந்தியிருந்தான். சனம் அவனைச் சுற்றிக் கால் வைத்துப் போனது. ஒரு மணித்தியாலம் அவனை அணைத்துக்கொண்டு அவளும் நிலத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏற மறுத்தான்.

செப்டெம்பரில் உள்ளூர் கவுன்சில் ஒரு டாக்சி ஒழுங்கு பண்ணியது. ஓட்டுநர் நல்ல மனிதர். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார். ஜெராட் ஏறவில்லை.

"தெரியாத ஆக்களின்ர காரில ஏறக் கூடாது. அம்மா சொன்னவ."

"இப்ப ஏறலாம் ராசா" என்றாள் பெர்னடெற். "இவர் நல்ல ஆள்."

சின்ன வயதிலிருந்து ஒன்றையே சொல்லி வளர்த்த அம்மாவை அவன் குழப்பத்தோடு பார்த்தான். பிறகு உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். சில நாள் பெர்னடெற் கூடவே ஏறிப் போனாள். ஆனால் அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட்டை எத்தனை நாளைக்குத் தள்ளிப்போட ஏலும்?

அக்டோபரில் ஒரு காலை பிறேமினிக்கு அலுவலகத்துக்கு போன் வந்தது. பழைய வளாகத்தின் காவலாளி பேசினார்: ஜெராட் தனியாக பஸ் ஏறி அங்கே வந்திருந்தான். ஜெராட்டின் பஸ் பாஸோடு அவளுடைய இலக்கத்தை அம்மா எழுதி வைத்திருந்தாள்.

அவள் போனபோது கட்டடத்தைச் சுற்றிப் பலகை அடித்திருந்தது. பலகைக்கு மேலால் ஓடு கழற்றிய கூரை தெரிந்தது. காவலாளி கொடுத்த கதிரையில் ஜெராட் ஏப்ரன் கட்டியபடி இருந்தான்.

"அக்கா, வாசலைக் காணேல்ல."

"இதைப் பூட்டியாச்சு ஜெராட். கல்லூரி இப்ப லூயிஷாமில இருக்கு. நீ அம்மாவோட போய்ப் பார்த்தனிதானே?"

"அது வேற. கல்லூரி இஞ்சதான் இருந்தது. ஆர் பூட்டினது?"

"கல்லூரிதான்" என்றாள்.

"நான் சூப் ஊத்த வேணும்."

அவனை எழுப்பிக் காரில் ஏற்ற அவளும் காவலாளியும் வெகுநேரம் பாடுபட்டார்கள். அன்றைக்குப் பிறகு ஜெராட் எங்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு மட்டும் அக்காவின் காரில் வருவான். மற்ற நேரம் டீவிக்கு முன்னால் இருப்பான், சத்தத்தைப் போடமாட்டான். பெர்னடெற் வேலையை விட்டாள்.

புதுக் கட்டடத்துத் திறப்பு விழாவுக்குப் பிறேமினி போகத்தான் வேண்டியிருந்தது. பயிற்சிச் சமையலறை வெளிச்சமாக, அழகாக இருந்தது. ஒரு பெண்பிள்ளை பயந்து பயந்து அரைக் கோப்பை சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். விழா முடிந்ததும் பிறேமினி அழகப்பனிடம் அந்த வாடகை மண்டபத்தைப் பற்றிக் கேட்டாள்.

அவர் தயங்கினார். "அத நீங்கதானே வேண்டாம்னு எழுதினீங்க. நீங்க சொன்ன காரணமெல்லாம் சரியாத்தான் இருந்துது."

"ஓம்" என்றாள். "திரும்ப எழுதித் தரட்டா?"

"தாங்க. நான் பேசிப் பார்க்கிறேன்."

அந்த ஞாயிறு பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் காருக்குள் இருந்தபடி ஜெராட் வரும்வரை பிறேமினியும் அம்மாவும் காத்திருந்தார்கள். அவன் பங்குச் சுவாமியிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு நின்றான். பெர்னடெற் சொன்னாள்: "உந்தத் திட்டம் போட்டவை ஒருக்கால் எண்டாலும் இவனைப் போலப் பிள்ளையளை நினைச்சிருக்கலாம்."

"அம்மா, அதை எழுதினது நான்தான்."

பெர்னடெற் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள்.

"உனக்குச் சொல்லித்தந்து எழுதுவிச்சவையோ?"

"இல்லை. எங்கட தலைவர் வேற ஆள் எழுதட்டும் எண்டவர். நான்தான் விடேல்ல. அவனுக்காக எழுதினன் எண்டு சனம் சொல்லிப்போடும் எண்டு பயந்தன்."

ஜெராட் படியிறங்கி வருவது தெரிந்ததும் அம்மா மெல்லச் சொன்னாள். "அவனுக்கு மட்டும் இதைச் சொல்லிப் போடாத. உன்னில அவனுக்குச் சரியான விருப்பம்."

தை மாதம் பிறேமினி திரும்ப எழுதினாள். முன்பு சரிவராது என்று காட்டிய ஒவ்வொன்றுக்கும் இப்போது வழி கண்டுபிடித்தாள். சபை ஒத்துக்கொண்டது. சித்திரையில் தோர்ண்டன் ஹீத் பிரதான வீதியில் ஒரு மண்டபத்தில் சமையல் வகுப்பு தொடங்கியது. லூயிஷாமுக்குப் போக முடியாமல் நின்றுபோன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவனின் தாய் பிறேமினியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தொடங்கும் நாளுக்கு முதல் நாள் பின்னேரம் பிறேமினி தம்பியின் கட்டில் ஓரத்தில் இருந்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"பழைய பஸ்தான் ஜெராட். அதே நிறுத்தத்தில ஏறலாம். உன்ர ரீச்சரும் வாறா."

"கல்லூரி பூட்டினது அக்கா."

"இப்ப திரும்பத் திறந்திருக்கு."

"திரும்பவும் பூட்டுவினம்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் மண்டபத்தைக் கல்லூரி ஒரு வருடத்துக்குத்தான் எடுத்திருந்தது. போர்வையை இழுத்து அவன் தோளை மூடிவிட்டு, அவன் நித்திரையாகும்வரை அங்கேயே இருந்தாள்.