பெண் பேசி முடித்த முதுகு

“நான் போகாத இடத்துக்கு என்ட முதுகு தனியாப் போய் எனக்குப் பொண்ணுப் பேசி முடிச்ச. நான் அந்த நேரம் துறைமுகத்தில அரிசி மூட்டை எறக்கிக்கொண்டு இருந்தன்.”

இஸ்ஸதீன் இதைச் சொல்லாத தேத்தண்ணிக் கடை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் ஒன்றுகூட இல்லை. முதலில் கேட்ட எவரும் நம்பவில்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஹியூபேட் அந்தோனியார் மேல் ஆணையிட்டுச் சொன்ன பிறகு எல்லாரும் நம்பினார்கள், ஒருவரைத் தவிர. அவர் இஸ்ஸதீனின் மாமனார் இப்றாஹிம். அந்த முதுகோடு பேசியவரே அவர்தான்.

இஸ்ஸதீன் துறைமுகத்தை ஒட்டிய கொச்சிக்கடைப் பண்டசாலைகளில் மூட்டை சுமந்தவன். அவன் உயரம் எவ்வளவென்று யாருக்கும் தெரியாது. அளக்க ஏறிய தையற்காரர் தோள்வரை போய், காற்று அதிகம் என்று இறங்கிவிட்டாராம். டிராம் வண்டியில் அவன் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கத்துச் சில்லு தண்டவாளத்தை விட்டு எழும்பும். உடம்பால் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வாய்தான் பொல்லாதது. சுறாவைக் கன்னத்தில் அறைந்த கதை, நின்றுபோன கப்பலை இடுப்புச் சாரத்தால் கட்டி இழுத்த கதை, கவர்னர் துரை தன்னைக் கண்டு தொப்பி கழற்றிய கதை என்று விடிந்ததும் தொடங்குவான். நித்திரையிலும் நிறுத்துவதில்லை.

ஜெம்பட்டா வீதியில் இப்றாஹிமுக்குக் குடைக்கடை இருந்தது. மேல்மாடியில் வீடு. அந்த மாடி யன்னல் ஊருக்குத்தான் உயரம். வீதியில் நடந்துபோகும் இஸ்ஸதீனுக்கு அது கண்ணுக்கு நேர். அப்படித்தான் இப்றாஹிமின் மகள் றலியாவும் அவனும் ஒருவரையொருவர் கண்டார்கள். அதன் பிறகு அவன் வாங்கிய குடைகளை விரித்து வைத்திருந்தால் காலிமுகத்திடலில் ஒரு சொட்டு மழை விழுந்திராது.

பெண் கேட்டுப் போன பெரியவர்களிடம் இப்றாஹிம் கடைவாசலில் நின்று, வீதியில் போனவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“பொடியன் நல்ல உழைப்பாளி. ஆனா அவன்ட வாய்க்குப் புள்ள குடுக்க ஏலா. நான் கதைச்சி முடியுமட்டும் அவன் ஒரு சொல்லு செல்லாம நிக்கட்டும். அண்டைக்கே குடுக்கிறன்.”

வீதியில் இருந்தவர்கள் அங்கே காத்துநின்ற இஸ்ஸதீனை அனுதாபத்தோடு பார்த்தார்கள். கடலைக் குடித்துக் காட்டு என்று கேட்டிருந்தாலாவது அவன் முயற்சி செய்திருப்பான்.

அந்த மார்கழியில் ஹியூபேட்டுக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்து பிறப்பு விழா, நத்தார்க் கொண்டாட்டம். மண்டபம் முழுக்கப் பலகையில் வரைந்து நிறுத்திய ராசா ராணிக் கதைக் காட்சிகள் வேண்டும்: கோட்டை, இளவரசி, சூனியக்காரி, ராட்சசன். ஹியூபேட்டுக்கு ஒரு வழக்கம். கண்ணால் காணாத முகம் கைக்கு வராது. ஆகவே கொட்டாஞ்சேனையையே பிடித்து நிறுத்தினான். முடிவெட்டும் றேமண்ட் ராசா ஆனார். கடதாசிக் கிரீடத்தை அதன் பிறகு கழற்றவேயில்லை, அதோடுதான் சவரம் செய்தார், யாராவது சரியில்லை என்று சொன்னால் கத்தியை உயர்த்தித் தீர்ப்பு வழங்கினார். பியானோ படிப்பிக்கும் ஐறீன் மிஸ்ஸை இளவரசியாக நிற்கக் கேட்டார்கள். “இளவரசிக்கு என்ன வேலை? சும்மா நிக்கிறதுதானே!” என்று சூனியக்காரியின் இடத்தை அடம்பிடித்து வாங்கிக்கொண்டார்.

ராட்சசன் யாரென்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

முதல்நாள் வரைந்த முகத்தில் வாய் மூன்று இடத்தில் இருந்தது. ஹியூபேட் தூரிகையை எறிந்தான்.

“மச்சான், கொஞ்சம் வாயை மூடன்!”

“மூடித்தான் இருக்கு. அந்தச் சுறா என்னைப் பாத்த பார்வை இருக்கே... சரி, மொகத்த விடு. எங்கட மார்க்கத்துலயும் மொகம் கீறுறது சரிவராது.”

“நீ கதைக்கிற கதைக்கு எனக்கும் சரிவராது. திரும்பி நில்லு.”

இஸ்ஸதீன் சுவரைப் பார்த்து நின்று சுவருக்குச் சுறாக் கதையைச் சொன்னான். முதுகு அசையவில்லை. ராட்சசனுக்கென்று தைத்த சட்டை அவனுடைய ஒரு கைக்குத்தான் காணும். ஆகவே சொந்த உடுப்போடேயே வரைந்தான் ஹியூபேட். வெள்ளைப் பெனியன், நீலக்கட்டம் போட்ட சாரம், அகலமான பச்சை இடுப்புப்பட்டி, தலையில் தொப்பி. பலகையில் தீட்டி, உருவத்தைச் சுற்றி வாளால் அறுத்து எடுத்து, கோட்டை வாசலில் நிறுத்தியாயிற்று. தன் முதுகைத் தானே முதல்முறை கண்ட இஸ்ஸதீன், “ஆருடா இந்த மலை?” என்று கேட்டானாம்.

இதற்கிடையில், கலியாணம் நிச்சயமாகிவிட்டது என்றும் கவர்னர் துரை விருந்துக்கு வருகிறார் என்றும் துறைமுகத்தில் இஸ்ஸதீன் சொல்லிவைத்த கதை இப்றாஹிமின் காதுக்கு எட்டியது. மனிதர் கொதித்துப்போனார். பொடியன் பங்கு மண்டபத்தில் நிற்கிறான் என்று யாரோ சொல்ல, இன்றோடு முடித்துவிடுகிறேன் என்று குடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். பட்டப்பகல் வெயிலிலிருந்து மங்கலான மண்டபத்துக்குள் நுழைந்தார். அவருக்குப் பார்வை மட்டு. கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பவர்.

“டேய் இஸ்ஸதீன்!”

முதுகு திரும்பவில்லை.

ஹியூபேட் கோட்டைக்குப் பின்னால் ஏணி உச்சியில், வாயில் தூரிகையோடு இருந்தான். இறங்கினால் ஏணி கிறீச்சிடும். இருந்த இடத்திலேயே கல்லாகிவிட்டான்.

“எப்படா கலியாணம் நிச்சயமாகின? கவர்னர் ஒன்ட மச்சானா? சுறாவுக்கு அறைஞ்சியாம், எங்க, எனக்கு அறைஞ்சி பாரு!”

பதில் இல்லை. இப்றாஹிமுக்கு இது புதிது. வீட்டில் மனைவி இடைமறிப்பார். கடையில் வாடிக்கைக்காரர் பேரம் பேசுவார். பள்ளிவாசலில் அவருக்கு மூத்தவர்கள் பேசுவார்கள். அவர் தொடங்கிய ஒரு வசனத்தை முடிக்கும்வரை விட்டு வைத்தவர் அதுவரை உலகத்தில் பிறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏசிப் பார்த்தார். பிறகு புத்தி சொன்னார். பிறகு குடை வியாபாரத்தின் கஷ்டத்தைச் சொன்னார். ஒரு கட்டத்தில் ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காலமான தன் வாப்பா தன்னைப் பாராட்டாத குறையைக்கூடச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். முதுகு அத்தனையையும் தாங்கி நின்றது.

கடைசியில் எழும்பினார். குடையைக் கக்கத்தில் இடுக்கினார்.

“இவ்வளவு பொறுமை ஒனக்குள்ள இருந்திருக்கே, எனக்குத் தெரியாமப் போச்சே மகன். வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிய வாப்பாவக் கூட்டிக்கொண்டு வா. நான் ஒரு சொல்லு செல்லிட்டா மாறமாட்டன்.”

அவர் தெருமுனை திரும்புமுன்னே ஹியூபேட் துறைமுகத்தில் நின்றான். டிராம் அவனை எட்டிப் பிடிக்க முடியாமல் போய்விட்டதாக அதன் நடத்துனரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

“மச்சான், வெள்ளிக்கிழமை முடியும்வரைக்கும் நீ பலகை. பலகை என்ன செய்யும்? ஒண்டும் செய்யாது. நீயும் அதைச் செய். வாயைத் திறந்தியோ, றலியா இல்லை.”

இஸ்ஸதீன் வாயை மூடினான். துறைமுகம் அமைதியாகிவிட்டது. வேலைநிறுத்தமோ என்று இரண்டு கப்பல்கள் வெளியிலேயே நங்கூரமிட்டு நின்றன.

வெள்ளிக்கிழமை இப்றாஹிமின் மாடியில் சொந்தக்காரர் நிறைந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் றலியா. இஸ்ஸதீன் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வட்டிலப்பத்தோடு சேர்த்துச் சொற்களையும் விழுங்கிக்கொண்டிருந்தான். இப்றாஹிம் பூரித்துப்போயிருந்தார்.

“நீங்க பாக்கோணும். நான் கதைக்கக் கதைக்க, புள்ள திரும்பியும் பாக்கல்ல. அப்பிடி ஒரு மரியாத. இந்தக் காலத்துல இப்பிடி ஆரு நிப்பா?”

சபை தலையாட்டியது. இஸ்ஸதீன் வட்டிலப்பத்தைக் கீழே வைத்தான். இதுவரை சொன்ன கதைகள் எல்லாம் இட்டுக்கட்டியவை. வாழ்க்கையில் உண்மையாகவே நடந்த ஒரே அதிசயம் இப்போதுதான் அவன் வாய்க்குள் கிடந்தது. அதை விழுங்க எந்த மனிதனாலும் ஆகாது.

“அது நான் இல்ல மாமா, பலகை! ஹியூபேட் கீறின என்ட முதுகு! நான் அங்க வரவே இல்ல!”

வாப்பா நெற்றியில் அறைந்துகொண்டார். இப்றாஹிமின் முகம் கறுத்தது. “திரும்பவும் தொடங்கிட்டானா? எழும்புடா...” என்று அவர் வாயெடுக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், மிகவும் பணிவாக:

“வாப்பா, அப்ப நீங்க பலகையோடயா அவ்வளவு நேரமும் கதைச்ச?”

இப்றாஹிம் சுற்றிப் பார்த்தார். மச்சான்மார் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த லெப்பை தாடிக்குள் எதையோ தேடினார்.

“ஆரு, நானா? பலகையோடயா?” இப்றாஹிம் கர்ச்சித்தார். “நான் மனிசனோட கதைச்சன்! இந்தா இருக்கிறவனோட கதைச்சன்! இவனுக்குத்தான் வாக்கும் குடுத்தன்! லெப்பை, நாளைப் பாருங்க!”

நிக்காஹ் நடந்தது. கவர்னர் துரை வரவில்லை. காய்ச்சல் என்று இஸ்ஸதீன் சொன்னான்.

ஹியூபேட் கலியாணப் பரிசாகப் பலகையையே கொடுத்தான். அது இஸ்ஸதீனின் மாளிகாவத்தை வீட்டின் பின்முற்றத்தில், கோழிக்கூட்டுக்குக் காவலாக நின்றது. இப்றாஹிம் ஒவ்வொரு வெள்ளியும் மகளைப் பார்க்க வருவார். அந்தப் பக்கம் திரும்பமாட்டார். யாராவது கதையை எடுத்தால், “சும்மா புளுகு. நான் மனிசனுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா?” என்பார். ஊர் முழுக்க ஒரு பக்கம், அவர் ஒருவர் ஒரு பக்கம் என்று ஆண்டுகள் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில் இஸ்ஸதீன் சுறாவைத் திமிங்கிலமாக்கிக்கொண்டிருந்தான். இப்றாஹிம் குடை விற்காத கதையைச் சொல்ல நாலைந்து தரம் வாயெடுத்தார், திமிங்கிலம் விடவில்லை. மெல்ல எழும்பிக் கைகழுவப் போனவரை வெகுநேரமாகக் காணோம். றலியா பின்கதவால் எட்டிப் பார்த்து, விரலை உதட்டில் வைத்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

இப்றாஹிம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே பலகை. பெனியன் நிறம் மங்கி, பச்சைப் பட்டியில் ஒரு பேட்டுக்கோழி கொத்தியிருந்தது.

“மழையே இல்ல மகன்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “மழை இல்லாம நான் குடைய ஆருக்கு விக்கிற?”

“மாமா,” என்றான் இஸ்ஸதீன், “ஆரோட கதைக்கிறீங்க?”

இப்றாஹிம் திரும்பிப் பார்த்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு அவனை ஒருமுறை, பலகையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

“அண்டைக்கு நான் புள்ளயக் குடுத்த மாப்பிள்ளையோட. நீ நடுவுல வந்தவன். உள்ளுக்குப் போ, நாங்க கதைச்சி முடியல்ல.”