தேங்காய்ப்பால் சேமியா

அம்மா வீட்டுப் பெருநாள், நாற்பது வருஷம் கழித்து இந்தக் கிண்ணத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறதே! குர்ஷித் பேகம் அதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் மாட்டுப்பாலை நிறுத்தச் சொன்னதால், தன் பங்கு சேமியாவைத் தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவைத்து, இறக்கியபின் முதல் பாலை ஊற்றியிருந்தாள். ஆத்தூரில் அம்மா அப்படித்தான் காய்ச்சுவாள். நாகல் நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், "பால் வாங்க வக்கில்லாத வீட்டுப் பண்டம்" என்று மாமியார் சிரித்தார். அதோடு அதை விட்டுவிட்டாள்.

கணவர் பாரூக் மாட்டுப்பால் சேமியாவோடு வந்தார். "நாளும் கெழமையுமா என்ன பத்தியம்? டாக்டரு கதவுக்குப் பின்னாலயா நிக்கிறாரு? இதுல ஒரு வாய் சாப்பிடு புள்ள."

"எனக்கு இதே போதுங்க" என்று கிண்ணத்தை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.