விலக்கிக்கொண்ட இரண்டு நட்சத்திரங்கள்

உப்பளத்துறையின் வானம் அந்த ஊர் வழிபாட்டிடங்களின் கூட்டு முதலீடு. பௌர்ணமி கோயிலுடையது, பிறை பள்ளிவாசலுடையது. சனிக்கிழமை மாலையில் முதலில் தெரியும் மூன்று நட்சத்திரங்களில் ஒன்று, ஊரில் மிஞ்சிய ஒரே யூதக் குடும்பத்தின் தலைவர் எலியாசருடையது. மற்ற இரண்டும் தேவாலயத்துடையவை. மூன்றும் தெரிந்தால்தான் எலியாசர் வீட்டில் ஓய்வுநாள் முடியும். அடுப்பு பற்றவைக்கலாம், பயணம் கிளம்பலாம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து தேவாலயம் அந்த இரண்டையும் அவர் வீட்டுக்கு நேர் மேலே போட்டு வைத்திருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கொச்சியில் அவர் மகள் சிப்போராவுக்குக் கல்யாணம். நட்சத்திரம் தெரிந்ததும் ரயிலேற வேண்டும். பெட்டிகள் வாசலில் இருந்தன. அப்போதுதான் போதகர் ஞானாபரணம் வந்தார்.

“அண்ணாச்சி, அந்த யூத நாடு நடத்துற சண்டையக் கண்டிச்சு, அதோட சம்பந்தப்பட்ட முதலீட்டையெல்லாம் விலக்கிக்கிடணும்னு எங்க கமிட்டி முடிவெடுத்திருக்கு. தேடிப் பாத்ததுல இந்த ரெண்டு நட்சத்திரந்தான் இருந்துச்சு.”

வருடா வருடம் தேவாலயக் கோபுரத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொள்பவர் எலியாசர்தான்.

“அந்த நாட்ட நான் படத்துலகூடச் சரியாப் பாத்ததில்ல, போதகரையா. ஒலகத்துல எத்தனை சண்டை நடக்கு. வேற எதுலருந்தும் கை எடுக்கல. என் சனிக்கிழமையிலருந்து மட்டும் எடுக்கீங்க.”

“அங்க சாகுற பிள்ளைங்களுக்கு எங்களால வேற என்ன செய்ய முடியும்?”

“அந்தப் பிள்ளைங்களுக்கு நானுந்தான் அழுதேன். சேந்து அழ ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்லா.”

போதகர் படியிறங்கிப் போனார். முடிவு முடிவுதான். இருட்டியதும் எலியாசரின் நட்சத்திரம் மட்டும் தனியாக வந்து நின்றது.

விடிந்தது. அதுவும் சனிக்கிழமையாகவே இருந்தது. அதற்கடுத்த விடியலும் அப்படியே. அடுப்பு பற்றவைக்கவில்லை, ரயிலேறவில்லை. வெள்ளிக்கிழமை ஆக்கிய சோறு குறையாமல் இருந்தது, ஆறிப்போய்.

பிறகொரு சனிக்கிழமை போதகர் வெள்ளை அங்கியோடு வந்து படியில் உட்கார்ந்தார். சனி முடியாததால் ஞாயிறு ஆராதனை நடக்கவில்லை. பாடகர் குழு முதல் சனிக்கிழமை ஒத்திகைக்கு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

“முடிவ மாத்திரலாம், அண்ணாச்சி. எல்லாருக்கும் சம்மதந்தான். ஆனா கமிட்டி ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சுதான் கூடும்.”

எலியாசருக்குக் கோபம் தீரவில்லை. இருந்தாலும் பசித்த முகத்தைப் பார்த்து ஒரு தட்டில் ஆறின சோறு கொண்டுவந்து வைத்தார். இருவரும் அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே சிப்போரா கல்யாணப் புடவையில் கண்ணாடி முன்னால் இருந்தாள். அவள் தலை முழுக்க நரைத்திருந்தது. வாசற்படியில் வந்து நின்ற அப்பாவைக் கண்ணாடியில் பார்த்தாள்.

“பூ வச்சா தெரியாதுப்பா,” என்றாள்.