கீழ்ப் பொத்தான்

மோட்டாரைச் செல்போனிலேயே போடலாம், நிறுத்தலாம் என்று தேனி வட்டாரத்து விவசாயிகளை நம்ப வைத்தவர் தங்கப்பாண்டியன். அதற்கான செயலியை எழுதியவன் அவரிடம் வேலை பார்த்த மதன்குமார். ஜெயமங்கலத்துத் தோட்டங்களில் அதைப் பழக்கிவிட்டவனும் அவனே. சுருளியாண்டியின் மனைவி ராஜாத்திக்குப் படிக்க வராது. வெயிலில் திரையின் நிறமும் தெரியாது. அதனால் இடம் சொல்லித்தான் கொடுத்தான்.

"மேல அமுக்குனா ஓடும், கீழ அமுக்குனா நிக்கும். சந்தேகம்னா இன்னொருக்கா கீழ அமுக்கிக்கங்கக்கா, தப்பில்ல."

ராஜாத்தி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். கிணற்று வேலைக்கு இறங்குமுன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வைக்கும் வழக்கம் அதோடு போயிற்று.

திரையில் எது எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தேனி அலுவலகத்துக் கணினிதான் சொன்னது. அங்கே மாற்றினால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் செயலி ஓடியபடியே முகம் மாறிக்கொள்ளும். மதனுக்கு அதில் தனிப் பெருமை. இப்படி ஒரு வித்தை கையில் இருந்தால் முதலாளி சும்மா இருப்பாரா?

உத்தமபாளையத்தில் விவசாயிகள் கூட்டத்தின் நடுவே நின்று அவனைப் போனில் கூப்பிட்டார். "ஏலே மதனு, மோட்டார் போடுற பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டலங்கிறாக. கீழ கொண்டாந்துரு. இவுக கண்ணு முன்னாடியே மாறணும்."

அவர் போனில் மட்டும் மாற்றியிருக்கலாம். அதற்கு அவருடைய எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். மதன் சோம்பல்பட்டு 'எல்லோருக்கும்' என்பதைத் தட்டினான். கூட்டம் கைதட்டியது போனில் கேட்டது. அவனுக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது.

அந்நேரம் சுருளியாண்டி கிணற்றுக்குள் வயர் ஜாயிண்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். மோட்டார் நின்றுதான் இருந்தது. வெறும் கம்பியில் கை வைக்குமுன் மேலே பார்த்து, "எதுக்கும் இன்னொருக்கா நிப்பாட்டிக்க புள்ள" என்றார்.

ராஜாத்தி கீழே அமுக்கினாள்.

சாவுச் செய்தி தேனிக்கு வந்ததும் மதன் கணினியைப் பார்த்தான். மோட்டாரை ஓட்டச் சொல்லி ராஜாத்தியின் போனிலிருந்து உத்தரவு வந்திருந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னான்.

"பழையபடி மாத்து" என்றார் தங்கப்பாண்டியன். "போலீசு அங்கன போறதுக்குள்ள மாத்துடா."

"அண்ணே, இது நாம செஞ்சது."

"சொன்னா போனவரு வந்துருவாரா? தட்டுனது நீ. உள்ள போறதுன்னா நீதான் போவ."

மாற்றினான். முன்பு மாற்றியதற்கான பதிவையும் சேர்த்துத் துடைத்தான். பயம்தான், வேறு நியாயம் எதுவும் அவனிடம் இல்லை.

"கீழதான் அமுக்குனேன்" என்று ராஜாத்தி போலீசிடமும் பங்காளிகளிடமும் சொன்னாள். போனை வாங்கிப் பார்த்தார்கள். கீழே இருந்தது நிறுத்துகிற பொத்தான். பிறகென்ன, உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பதற்றத்தில் மாற்றி அமுக்கிவிட்டாள் என்றவர்கள் நல்லவர்கள். சிலர் வேண்டுமென்றே செய்தாள் என்றும் பேசினார்கள்.

கருமாதிக்கு மதன் போனான். முகம் காட்டாவிட்டால் சந்தேகம் வரும் என்று முதலாளி அனுப்பியிருந்தார். அவனைக் கண்டதும் ராஜாத்தி எழுந்து வந்தாள். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, போனை அவன் கையில் கொடுத்தாள்.

"தம்பி, அவுக சொன்னாக, நான் அமுக்குனேன். கீழதான் அமுக்குனேன். இத செஞ்சவரு நீங்க. இவுக முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க. பொத்தான் எடம் மாறுமா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

"மாறாதுக்கா" என்றான்.

ராஜாத்தி தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நாந்தான் கொன்னுட்டேன்" என்றாள்.