மெதுவா அழுங்க

குட்டியின் வாயை விரல் நுனியால் பிளந்து காம்பில் பொருத்தினாள் மகள். அது ஒரு வாய் உறிஞ்சுவதற்குள் தாய்ப்பூனை விருட்டென்று எழுந்து, மற்ற மூன்றையும் மிதித்துக்கொண்டு அட்டைப்பெட்டிக்கு வெளியே வந்து நின்றது. காலையிலிருந்து இது எட்டாவது தடவை.

"உனக்கெல்லாம் எதுக்குடி குடும்பம்?" என்றாள் மகள், குரலை உயர்த்தாமல்.

கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில் அப்பா கிடந்தார். காலையில் டீயில் சர்க்கரை போதவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, சர்க்கரை டப்பா வருவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டார். முப்பத்தொன்பது வருஷம் பாய்லர் பட்டறையில் தகடு தட்டியவர். காது இரண்டும் எப்போதோ போய்விட்டன. தன் பேச்சு தனக்கே கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினார். பட்டறையில் அவருக்கு 'சைரன்' என்று பெயர். உப்புக் கேட்டாலும் தீப்பிடித்த மாதிரிதான் கேட்பார்.

பூனையைப் பட்டறையிலிருந்து சட்டைக்குள் போட்டுக் கொண்டு வந்தவரும் அவர்தான். அதற்கு இன்னும் ஒரு வயசு முடியவில்லை. அதற்குள் நாலு குட்டி. முந்தாநாள் பிரசவத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்து "முக்கு! விடாதே மேடம், முக்கு!" என்று அவர் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். கடைசிக் குட்டி மூச்சில்லாமல் வந்தது. சாம்பல் நிறம், தீப்பெட்டி அளவு. சம்மட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கையில் வைத்து அரைமணி நேரம் துணியால் தேய்த்தே அதைக் கத்த வைத்தார்.

நேற்றுவரை நாலும் முட்டி மோதிக் குடித்தன. இன்றைக்குப் பொட்டுப் பால் இறங்கவில்லை. சாம்பல் குட்டியின் வாய்க்குள் விரல் வைத்தால் ஜில்லென்றிருந்தது. பசும்பால் கொடுத்துவிடாதீர்கள், சூடு குறையாமல் பார்த்துக்கொண்டு தாயிடமே வையுங்கள் என்று மாட்டு டாக்டர் போனில் சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் குடிக்கவில்லை என்றால் ஆசையை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். மணி மூன்று. நாலு மணிக்கு அப்பாவைக் கொண்டுபோக வண்டி வரும்.

கூட்டத்தைக் கண்டு பூனை மிரள்கிறது என்று நினைத்த மகள், வருகிறவர்களை வாசலிலேயே மடக்கிச் சொல்லிவிட்டாள்: "உள்ள பூனை பால் குடுக்குது. கொஞ்சம் மெதுவா அழுங்க."

ஜனங்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூக்குச் சிந்தத் தெருவுக்குப் போனார்கள். கிறீச்சிடுகிறது என்று அண்ணன் மின்விசிறியை நிறுத்தினான். சைரனுக்கு மரியாதையாகப் பக்கத்துப் பட்டறையையும் இன்று மூடிவிட்டார்கள். சுவருக்கு அப்பாலிருந்தும் ஒரு தட்டுச் சத்தம் இல்லை.

அத்தை வந்தபோதுதான் சிக்கல். அப்பாவின் தங்கை, தொண்டை அதே வம்சம். படியில் கால் வைத்ததும் வாயைத் திறந்தாள். அண்ணன் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அத்தை, பூனை."

"பூனையா? எங்கண்ணன் செத்துக் கிடக்கறான், பூனைக்காக நான் வாயப் பொத்திக்கணுமா?"

"அப்பாவோட பூனை அத்தை."

அத்தை கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உடம்பு மட்டும் குலுங்கியது.

அப்போது பின்வாசல் வழியாக ஜோடிக்காரர் வந்தார். அப்பா தட்டும்போது தகட்டின் மறுபக்கத்தைப் பிடித்து நின்ற ஆள். அவருக்கும் காது மந்தம்தான். கையில் ஒரு பொட்டலம்.

"பூனைக்கு மீன் வேகவச்சுக் கொண்டாந்தேன். என்னம்மா, பரீட்சை ஹால் மாதிரி இருக்கு வீடு?" ரகசியமாகத்தான் கேட்டார். தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஷ்! மெதுவா மாமா. சத்தம் கேட்டா பூனை எந்திரிச்சிடுது."

"இதுவா? பாய்லருக்குள்ள பொறந்த கழுதைம்மா இது! நாங்க வெளியில அடிச்சு நொறுக்குவோம், உள்ள தூங்கிட்டிருக்கும். சாப்பாட்டுக்கு வேலைய நிறுத்தினா, அலறிக்கிட்டு ஓடும்!"

மகள் பூனையைப் பார்த்தாள். மூலையில் விறைத்து நின்றிருந்த பூனை, ஜோடிக்காரர் பக்கம் காதைத் திருப்பி, மெல்லப் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது.

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள்.

"அத்தை, அழுங்க."

அத்தை கைக்குட்டையோடு ஏறிட்டுப் பார்த்தாள்.

"சத்தமா அழுங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

அத்தை கைக்குட்டையை உருவினாள். "நெஜமாத்தானே? அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்."

"அண்ணா!" என்று அத்தை எடுத்ததில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "சர்க்கரை போதலன்னா போவாங்களாண்ணா!" அவ்வளவுதான், அடைத்து வைத்திருந்த வீடே உடைந்தது. பட்டறை ஆட்கள் வாய்விட்டுக் கேவினார்கள். அண்ணன் மின்விசிறியைப் போட்டுவிட்டு அதன் கீழேயே நின்று குழந்தை மாதிரி அழுதான்.

மகள் திரும்பி வந்தபோது பூனை பெட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்தது. மூன்று குட்டிகள் தாமாகவே காம்பைப் பிடித்துக்கொண்டன. சாம்பல் குட்டி மட்டும் வாய் வைத்து வைத்து நழுவியது. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, ஒரு கையால் அதைத் தாங்கி, காம்பை லேசாகப் பிதுக்கி ஒரு சொட்டை உதட்டில் தடவினாள்.

கூடத்திலிருந்து அத்தையின் கரகரத்த குரல் வந்தது. "போதுமாடி?"

"இல்லத்தை, இன்னும் ஒண்ணு பாக்கி!"

யாரோ சிரித்தார்கள். அத்தை தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

வண்டி வந்தது. சவப்பெட்டியை ஆறு பேர் தோளுக்கு ஏற்றினார்கள். "தூக்கிட்டாங்க, வா," என்று அண்ணன் கதவில் வந்து நின்றான். அந்த நேரம் பார்த்து அவள் விரலுக்கு அடியில் ஒரு இழுப்பு. நின்றது. மறுபடி ஒரு இழுப்பு. கையை எடுத்தால் காம்பு நழுவிவிடும்.

"ஒரு நிமிஷம்," என்றாள், தலையைத் தூக்காமல்.

அண்ணன் கூடத்தில் பெட்டியோடு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னவாம்?" என்றார் முன்தோளில் இருந்த ஜோடிக்காரர்.

"குட்டி குடிக்குது மாமா."

"குடிக்கட்டும்."

தரையோடு படுத்திருந்தவளுக்குக் கதவு வழியாக அவர்களுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. பாரத்தோடு நின்று பழகிய ஆறு ஜோடிக் கால்கள் கொஞ்சம் அகன்று, ஒரு தரம் இடம் மாற்றி ஊன்றிக்கொண்டன. குட்டி ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அதன் ஒட்டிக் கிடந்த காது ஒரு தரம் அசைந்தது.