சுண்டுவிரலுக்கு இடம்

இறக்குமதி வரியை எடுத்த மாதமே எங்கள் செருப்புப் பட்டறைக்குச் சனி பிடித்தது. கப்பலில் வந்திறங்கிய செருப்பு எங்கள் விலையில் பாதிதான். கதவைத் திறந்தால் காற்று வரும், ஏழை நாடு முன்னேறும் என்று டிவியில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வந்தது காற்றில்லை, சூறாவளி. நான் டிவியை அணைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ஞானம் பிறந்தது. கப்பல் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்து, அச்சு அசலாக அதே வடிவத்தில் வெட்டச் சொன்னார். எங்கள் பழைய வெட்டு அச்சைக் கதவுக்குப் பின்னால் தூக்கிப் போட்டார். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். அதே செருப்பு பாதி விலைக்குக் கிடைக்கும்போது எங்களிடம் எந்தப் பைத்தியம் வாங்கும்?

அந்தச் செருப்பை இறக்குமதி செய்பவரைக் கடைவீதியில் கண்டெய்னர்காரர் என்பார்கள். அவரே வந்து பட்டறையைக் குடோனுக்குக் கேட்டார். மாதக் கடைசியில் முடிவு சொல்வதாக என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். பட்டறை போனால் அதில் வேலை பார்க்கும் அத்தனை பெண்களும் தெருவுக்கு வர வேண்டியதுதான். வெட்டும் மெஷினில் நிற்கும் என் நாத்தனார் அன்று சாப்பிடவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எல்லார் காலிலும் கண்டெய்னர்காரர் செருப்பு. மனசுக்குள் சாபம் விட்டபடியே ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கால் பாக்கியில்லாமல் சுண்டுவிரல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது! சின்ன வயதில் வெறுங்காலோடு நடந்து அகன்ற கால்கள் அவை. ஒல்லிக் கால்காரர்களுக்குச் செய்த செருப்பு அவற்றுக்கு எப்படிப் பத்தும்?

பஸ்ஸை விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன்.

"பழைய அச்சை எடும்மா. அதுதான் அகலம்!"

நாத்தனார் நம்பவில்லை. "அகலம் சரி அண்ணி, விலை?" என்றாள். சொன்னவள் அப்படியே நின்றாள். "ஆமா, வரி எடுத்தது செருப்புக்கு மட்டுமா? ரப்பர் ஷீட்டுக்கும்தானே எடுத்தாங்க?"

"எடுத்தாங்க."

"அப்புறம் ஏன் நமக்கு ஷீட் தர்ற ஏஜென்ட் பழைய விலையே சொல்றான்?"

தலையில் அடித்துக்கொண்டேன். செருப்பு வந்த கதவையே முறைத்துக்கொண்டிருந்ததில், அதே கதவு வழியாக ரப்பர் வந்து இறங்கியதை நாங்கள் யாருமே பார்க்கவில்லை. ஏஜென்ட் மட்டும் நன்றாகப் பார்த்திருக்கிறான்.

மறுநாளே துறைமுகத்தில் நேரடியாக ஷீட் வாங்கினோம். எங்கள் செருப்பு விலை கப்பல் செருப்பைவிடக் கொஞ்சம்தான் கூட வந்தது. புதுச் செருப்பைக் கூடையில் அள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கே போனேன். "வாங்க வேணாம், சும்மா போட்டு நடந்து பாருங்க" என்றேன். மூட்டை தூக்கும் ஒருவர் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போனார். திரும்பி வந்தவர் பழசைக் குப்பையில் எறிந்துவிட்டு, "வீட்டுக்காரிக்கும் ஒண்ணு குடும்மா" என்றார். சாயங்காலத்துக்குள் கூடை காலி. என் வீட்டுக்காரர் மறுபடி ஞானம் பிறந்தவராக, கேட்பதற்கு முன்பே மெஷினுக்கு எண்ணெய் போட்டார்.

மாதக் கடைசியில் கண்டெய்னர்காரர் அளவு டேப்போடு வந்தார். சுவரை அளக்கப் போனவரின் காலைப் பார்த்தேன். அவர் சுண்டுவிரலும் வெளியேதான்! நாத்தனார் புதுச் செருப்பில் ஒரு ஜோடியை அவர் காலடியில் வைத்தாள். மரியாதைக்குப் போட்டுக்கொண்டவர், பட்டறையை ஒரு சுற்று நடந்தார். இன்னொரு சுற்றும் நடந்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"என் கண்டெய்னரெல்லாம் காலியாத்தான் திரும்பிப் போகுது. வழியில இருக்கிற ஊர்ல எல்லாம் நம்ம மாதிரிதான் கால். அங்கேயும் வரி கிடையாது. எனக்கு ஒரு கண்டெய்னர் நிறைய வேணும், முடியுமா?"

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "அப்ப குடோன்?" என்றார்.

"அது வேற எங்கயாவது பாத்துக்கறேன்."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. மெஷின் பக்கம் பெண்கள் "முடியும்!" என்று கத்தியே விட்டார்கள். கண்டெய்னர்காரர் புதுச் செருப்போடு வாசலைத் தாண்டப் போனார். நாத்தனார் அவர் தரையில் கழற்றிப் போட்டிருந்த கப்பல் செருப்பைக் காட்டினாள்.

"சார், உங்க சரக்கை எடுத்துட்டுப் போங்க. இங்க வைக்க இடமில்ல."