பாதிக் கழனி

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் இருக்கும் 'ராஜாங்கம் இன்ஜினியரிங்' கடைக்கு விவசாயிகளைவிடக் கோட்டைக்கு வழி கேட்பவர்களே அதிகம் வருகிறார்கள். எதிரே மலை முழுசாகத் தெரிகிறது, அப்படியும் கேட்கிறார்கள். மணிமொழி கையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

கடையைத் தொடங்கியவர் அவளுடைய தாத்தா ராஜாங்கம். முதலில் ஆயில் இன்ஜின் விற்றார். கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்ததும் இன்ஜினை யாரும் சீண்டவில்லை. பவர் டில்லருக்கு மாறினார். அவர் மகன், மணிமொழியின் அப்பா வெற்றிவேல், கதிரடிக்கும் மிஷினைக் கொண்டுவந்தார். சரக்கு மாறியதே தவிர ஒரு வழக்கம் மாறவில்லை. எந்த மிஷினையும் கேட்டவர் நிலத்தில் ஓட்டிக் காட்டுவார்கள், அதுவும் நிலம் முழுக்க. "பாதியில நிறுத்தறது, பந்தியில உக்காந்தவன பாதி இலையில எழுப்பற மாதிரி" என்பார் ராஜாங்கம்.

இந்த வழக்கத்தால் நன்றாகப் பயனடைந்தவர் தொண்டூர் பாவாடை. இன்ஜின் வந்தபோது அவர் கழனி நிறையத் தண்ணீர் பாய்ந்தது. டில்லர் வந்தபோது மொத்த நிலமும் உழவானது. அடுத்த மிஷின் வந்த வருஷம் அவர் களத்துக் கதிரெல்லாம் நெல்லாக வீட்டுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் மோர் கொடுத்து அனுப்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "மிஷின் நல்லாத்தான் இருக்குது. யோசிச்சி சொல்றேன்."

இப்போது மணிமொழி நடவு மிஷினுக்கு ஏஜென்சி எடுத்திருந்தாள். வந்த முதல் மிஷின் ஒரு வருஷமாகக் கடையின் முன்பக்கத்தில் நின்றது. வழி கேட்க வந்தவர்கள் அதன்மேல் சாய்ந்து செல்ஃபி எடுத்தார்கள். இந்த நடவுக்குள் அது விற்காவிட்டால் ஏஜென்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முன்பக்கத்தைத் தேவேந்திரனின் செல்போன் கடைக்கு விடப்போவதாக வெற்றிவேல் சொல்லிவிட்டார். தேவேந்திரன் அடிக்கடி டேப்போடு வந்து அளந்துகொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் பாவாடை போன் செய்தார்.

"இன்னா மா, நடவு மிஷினாமே? டெமோ காட்டேன்."

"காட்டறேன் தாத்தா. மிஷினுக்குக் குட்டி நாத்துதான் வேணும், தட்டுல விட்டு வைங்க. ஆனா பாதி கழனிதான் நடுவேன்."

"சரி மா, சரி மா" என்றார் பாவாடை. முழுக் கழனிக்கும் தட்டு நாற்று விட்டார். ராஜாங்கம் வீட்டு மிஷின் பாதியில் நின்றதாகத் தொண்டூரில் சரித்திரம் இல்லை.

டெமோவுக்கு வெற்றிவேலும் போனார். மிஷின் நூல் பிடித்த மாதிரி நட்டுக்கொண்டு போனது. வரப்பெல்லாம் ஜனம். சரியாகப் பாதிக் கழனியில் மணிமொழி மிஷினைத் திருப்பிக் கரையேற்றினாள்.

"இன்னா மா, டீசல் தீந்துடுச்சா?"

"டெமோ தீந்துடுச்சி தாத்தா."

பாவாடை வெற்றிவேலைப் பார்த்தார். வெற்றிவேல் மகளைப் பார்த்தார். "கண்ணு, உங்க தாத்தா இருந்தா..."

"தாத்தா முழுசா ஓட்டிக் காட்டனாரு. நீயும் காட்டன. இவருகிட்ட ஒரு நட்டு போல்ட்டாவது வித்தீங்களா நைனா? ஏறு வண்டியில."

செஞ்சிக்குத் திரும்பினார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. சாப்பிட உட்கார்ந்த வெற்றிவேல் பாதியில் எழுந்துவிட்டார்.

மறுநாள் பாவாடை நடவுக்கு ஆள் கூப்பிட்டார். வந்த பெண்கள் தட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னா பெரியப்பா, இது நாத்தா, கொத்தமல்லியா? இத கையால நட்டா எங்க விரலு தேஞ்சிடும்." வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்கள்.

கழனி சாலையோரம் இருந்தது இன்னொரு வினை. ஒரு பக்கம் பச்சைக் கோடுகள், மறுபக்கம் வெறும் சேறு. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் அதற்குப் பெயரும் வைத்தாயிற்று: பாதி மீசை.

அந்தப் பெயரைப் பாவாடை தாங்கிக்கொண்டார். அவர் மனைவி கமலாம்பாளால் முடியவில்லை. மறுநாள் காலை கணவரை முன்னால் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"எங்க ஊட்டுக்காரரு எல்லாத்தையும் யோசிச்சிதான் சொல்லுவாரு மா. நான் பட்டுப் புடவை கேட்டு, இன்னும் யோசிச்சிக்கினு இருக்காரு. இந்த தபா நானே யோசிச்சிட்டேன். மிஷின ஏத்து."

பாவாடை மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வாடகைக்கு விடலாம்தான். ஆனா எங்க ஊரு பசங்க மோசம் மா. மொதல்ல டெமோ காட்டும்பானுங்க."

"பாதி காட்டுங்க தாத்தா" என்றாள் மணிமொழி.

மிஷினைத் தொண்டூரில் இறக்கிவர வெற்றிவேல்தான் போனார். திரும்பி வந்தபோது முழங்கால்வரை சேறு. யாரும் கேட்காமலே மீதிக் கழனியை அவரே நட்டு முடித்திருந்தார். கால் கழுவி உட்கார்ந்து, சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாகச் சாப்பிட்டு எழுந்தார். மணிமொழி அடுத்த மிஷினுக்குக் கம்பெனியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

வாசலில் தேவேந்திரன் டேப்போடு நின்றான். முன்பக்கம் காலியாக இருந்ததைப் பார்த்து அவன் முகமெல்லாம் மலர்ச்சி.

"மிஷினத் திருப்பி அனுப்பிட்டீங்களாண்ணே? எப்ப வந்து போர்டு மாட்டட்டும்?"

வெற்றிவேல் மகளை ஒரு பார்வை பார்த்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"இடம் நல்லாத்தான் இருக்குது. யோசிச்சி சொல்றேன்."